கணக்கெடுப்பில் தொடங்கிப் புயலில் முடிந்த 2011

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு நடைபெறும் என்ற அறிவிப்பு வெளியானதிலிருந்து, கடலூர்ப் பகுதி அரசுப் பள்ளிகளில் அண்மையில் பணியேற்ற ஆசிரியர்கள் சிலர் என்னிடம் 2011-ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்டுவருகிறார்கள். அவர்களில் பலர் அந்த ஆண்டில் பள்ளி மாணவர்கள். நான் அப்போது கடலூரில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். நாட்டு நிகழ்வுகளைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பது, வகுப்புக்குப் பயன்படும் என்பதற்காக நான் பல ஆண்டுகள் கைக்கொண்டிருந்த பழக்கம். மற்ற ஆண்டுகளின் நோட்டுகளில் செய்தித்தாளைப் பார்த்து எழுதிய குறிப்புகளே மிகுதி. 2011-க்குரிய நோட்டு அப்படியல்ல. கணக்கெடுப்பு, சட்டமன்றத் தேர்தல், பாடநூல் வழக்கு, உள்ளாட்சித் தேர்தல், தானே புயல் என அந்த ஆண்டின் பெரிய நிகழ்வுகளில் பல, எங்களைப் போன்றவர்கள் நிரப்ப வேண்டிய படிவங்களாகவே எங்களிடம் வந்து சேர்ந்தன. ஒரு நாட்டில் ஓராண்டில் என்ன நடந்தது என்று பின்னாளில் பேசப்படுவது, அந்தந்த நாளில் யாரோ ஒருவர் சரியாக எழுதி வைத்ததன் அளவுக்கே உண்மையாக இருக்கும் என்பதை அந்த ஆண்டில்தான் நான் உணர்ந்தேன். இனி இந்தப் பணிகளை ஏற்கப்போகிறவர்களுக்காக, அந்த நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

2011-இல் நடந்தது இந்தியாவின் 15-ஆவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. விடுதலைக்குப் பிறகு 7-ஆவது. வீடுகளைப் பட்டியலிடும் முதல் கட்டம் 2010-லேயே முடிந்திருந்தது. ஆட்களைக் கணக்கெடுக்கும் இரண்டாம் கட்டம் 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை நடைபெற்றது. நாடு முழுவதும் ஏறத்தாழ 27 லட்சம் பேர் இந்தப் பணியில் ஈடுபட்டனர். 16 மொழிகளில் படிவங்கள் அச்சிடப்பட்டிருந்தன. ஒவ்வொருவரைப் பற்றியும் 29 கேள்விகள். எனக்கு ஒதுக்கப்பட்ட பகுதி கடற்கரையை ஒட்டிய தேவனாம்பட்டினத்துத் தெருக்கள். பள்ளி முடிந்த பிறகு மாலையிலும், விடுமுறை நாள்களில் காலையிலும் வீடு வீடாகச் சென்றோம். மாலை நேரம் எனக்கு மிகவும் பயன்பட்டது. அதிகாலையில் கடலுக்குச் சென்ற ஆண்களும், மீன் கூடையுடன் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் சென்ற பெண்களும் அந்நேரத்தில்தான் வீட்டில் இருப்பார்கள். எந்த நேரத்தில் யார் வீட்டில் இருப்பார் என்பதைப் பகுதியின் தொழிலைப் பார்த்துத் தீர்மானித்துக்கொண்டால், பூட்டிய வீட்டுக்கு மறுபடியும் மறுபடியும் நடக்கும் அலைச்சல் பெருமளவு குறையும்.

படிவத்திலேயே மிகக் கடினமான கேள்வி எது என்று கேட்டால், வேலை பற்றிய கேள்வியைத்தான் சொல்வேன். "கடந்த ஓராண்டில் எப்போதாவது வேலை செய்தீர்களா?" என்று கேட்டால், ஆண்கள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். பெண்கள் பெரும்பாலும், "நான் எங்க டீச்சர் வேலைக்குப் போறேன், வூட்டோடதான் இருக்கேன்" என்பார்கள். அவ்வாறு சொல்பவரின் பின்னால் திண்ணையில் கருவாடு காய்ந்துகொண்டிருக்கும். ஆகவே நான் கேள்வியைப் பிரித்துக் கேட்கத் தொடங்கினேன். ஏலத்தில் மீன் எடுப்பீர்களா, எந்தத் தெருவில் விற்பீர்கள், மாதத்தில் எத்தனை நாள் போவீர்கள், கருவாட்டை யார் வாங்கிப் போகிறார் என்று கேட்டால், ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் உழைக்கும் ஒரு முழுநேரத் தொழிலாளியின் கதை வெளிவரும். அந்தப் பெண் தன் வாயால் "வேலை இல்லை" என்று சொன்னதை அப்படியே எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குச் சென்றிருந்தால், அவரது உழைப்பு நாட்டின் கணக்கில் இல்லாமலே போயிருக்கும். எழுத்தறிவுக் கேள்வியிலும் இதே கவனம் வேண்டும். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர் எழுத்தறிவு பெற்றவர் ஆகமாட்டார். ஏழு வயது நிரம்பி, ஏதேனும் ஒரு மொழியில் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். கூச்சத்தால் "தெரியும்" என்பவரும் உண்டு. பள்ளிக்கே போகாமல், படகில் அமர்ந்து செய்தித்தாளைக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டு, "நமக்கு எங்க படிப்பு" என்பவரும் உண்டு. இருவரிடமும் அவசரமில்லாமல் பேச வேண்டும்.

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் மகனையும் சேர்த்து எழுதச் சொல்லும் தாய்மார்களிடம் விதியை விளக்குவது எளிதன்று. கணக்கெடுப்புக் காலமான பிப்ரவரி 9 முதல் 28 வரை முழுவதும் வெளியில் இருப்பவரை அந்த வீட்டில் சேர்க்கக் கூடாது என்பது அன்றைய விதி. "குடும்ப அட்டையில இருக்கானே" என்று எடுத்துக் காட்டுவார்கள். குடும்ப அட்டையின் நோக்கம் வேறு, இந்தப் படிவத்தின் நோக்கம் வேறு என்றும், இதில் பெயர் இல்லாததால் மகனின் எந்த உரிமையும் போய்விடாது என்றும் பொறுமையாகச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். தேதிகள் மாறினாலும் இந்தக் கேள்வி நம் பகுதியில் அடுத்த முறையும் வரும். அதற்குரிய விதியைப் பயிற்சி வகுப்பிலேயே திருத்தமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

திருமணமான பெண்களிடம் மட்டும் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உயிருடன் பிறந்த குழந்தைகள் எத்தனை பேர், இப்போது உயிருடன் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பவை அவை. பயிற்சியில் இவற்றை நாங்கள் விரைவாகக் கடந்துவிட்டோம். கடலூர் மாவட்டத்தில் 2004 டிசம்பர் 26 அன்று 600-க்கும் மேற்பட்டோரைச் சுனாமி கொண்டுபோயிருந்தது; அவர்களில் குழந்தைகள் பலர். அந்தத் தெருக்களில் இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு என்னவென்பது, கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். முதல் எண்ணைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்த ஒரு பெண்ணிடம் நான் இரண்டாம் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. அவர் மாமியார் விரலால் காட்டினார். அதன் பிறகு இந்தக் கேள்விகளை வாசலில் நின்று, அண்டை வீட்டார் சூழ்ந்திருக்கக் கேட்பதை நான் விட்டுவிட்டேன். உள்ளே சென்று, அமர்ந்து, அந்தப் பெண்ணிடம் மட்டும் கேட்டேன். ஆறுதல் சொல்கிறேன் என்று எதையும் பேச வேண்டியதில்லை. ஆனால் கேட்காமல் விட்டுவிடுவதும் கூடாது. இறந்த குழந்தையின் பெயர் அந்தப் படிவத்தில் வராது. பிறந்தது என்ற எண்ணில் மட்டும் அது இடம்பெறும். இரக்கத்தால் அந்த எண்ணைக் குறைத்து எழுதினால், அக்குழந்தை பிறக்கவே இல்லை என்று எழுதியதாகிவிடும்.

2011-இல் பால் என்ற கேள்வியில் ஆண், பெண் என்பவற்றோடு மூன்றாவதாக ஒரு குறியீடு முதன்முறையாக இடம்பெற்றது. திருநங்கையர் மிகுதியாகக் கூடும் கூவாகம் எங்கள் பகுதிக்குத் தொலைவில் இல்லை என்பதால், அந்தக் குறியீட்டைப் பயன்படுத்த நேரும் என்று எங்களுக்குத் தெரியும். இங்கே பின்பற்ற வேண்டியது ஒன்றுதான்: அவரவர் சொல்வதை எழுத வேண்டும்; நாமாகப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

பிப்ரவரி 28 இரவு, வீடற்றோரைக் கணக்கெடுக்கும் இரவு. அன்று பகலில்தான் நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி நாடாளுமன்றத்தில் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்தார். அன்றிரவு திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் பாடலீஸ்வரர் கோயில் பக்கத்திலும் படுத்திருந்தவர்களை எழுதினோம். பகலிலேயே ஒருமுறை சென்று, யார் எங்கே உறங்குவார் என்று தேநீர்க் கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொண்டதால், இரவில் யாரையும் அதட்டி எழுப்ப வேண்டிய தேவை எழவில்லை. மார்ச் 1-ஆம் நாளின் 0 மணியே கணக்கின் அடிப்படை நேரம். மார்ச் 1 முதல் 5 வரை மீண்டும் எல்லா வீடுகளுக்கும் சென்று, அந்த நேரத்துக்கு முன் பிறந்தவரைச் சேர்த்தோம்; முன் இறந்தவரை நீக்கினோம். இந்தத் திருத்தச் சுற்றைச் சடங்காகக் கருதி வாசலிலேயே முடித்துக்கொள்பவர்கள் உண்டு. என் பகுதியில் பிறப்பும் இறப்பும் இந்தச் சுற்றில்தான் தெரியவந்தன. ஆகவே புதிதாக வருபவர்கள் இதையும் முழுப் பணியாகவே கருத வேண்டும்.

அதே மார்ச் 1 அன்று தேர்தல் ஆணையம் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், மேற்கு வங்கம், அசாம் ஆகியவற்றின் தேர்தல் தேதிகளை அறிவித்தது. கணக்கெடுப்புப் படிவங்களை வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்படைத்த சில நாள்களிலேயே தேர்தல் பயிற்சிக்கான ஆணை வந்தது. இடையில் மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் நிகழ்ந்தன; அவற்றால் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் விபத்தும் நேர்ந்தது. இந்தியக் கடற்கரைக்கு ஆபத்து இல்லை என்று ஐதராபாத்தில் உள்ள சுனாமி எச்சரிக்கை மையம் தெரிவித்திருந்தபோதிலும், அன்று மாலை தேவனாம்பட்டினத்தில் பலர் கடலைப் பார்த்தபடியே நின்றிருந்தார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் இடிந்தகரையில் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிரான போராட்டம் வலுப்பெற்றபோது, எங்கள் மீனவர் தெருக்களில் அது வேற்றூர்ச் செய்தியாகப் பேசப்படவில்லை.

கணக்கெடுப்பின் தற்காலிக முடிவுகள் மார்ச் 31 அன்று வெளியாயின. முந்தைய நாள் மொகாலியில் இந்தியாவும் பாகிஸ்தானும் உலகக் கோப்பை அரையிறுதியில் மோதியிருந்தன; ஏப்ரல் 2 அன்று மும்பையில் இறுதிப் போட்டி. 28 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை கிடைத்த மகிழ்ச்சியை நானும் என் மாணவர்களோடு பகிர்ந்துகொண்டேன். ஆனால் இரண்டு பெரிய ஆட்டங்களுக்கு இடையே வந்த அந்த எண்களை எங்கள் தெருக்களில் யாரும் பேசிக் கேட்கவில்லை. நாட்டின் மக்கள்தொகை 121 கோடி. எழுத்தறிவு 74 விழுக்காடு. ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1000 ஆண்களுக்கு 914 பெண்கள் மட்டுமே. இந்த 914, விடுதலைக்குப் பிந்தைய எல்லாக் கணக்கெடுப்புகளிலும் மிகக் குறைந்த எண். தமிழ்நாடு நாட்டின் சராசரியைவிட நல்ல நிலையில் இருந்தது. ஆனால் கடலூர் மாவட்டத்தின் விகிதம் 900-க்கும் கீழே இருந்தது. முந்தைய கணக்கெடுப்பில் 950-க்கு மேல் இருந்த ஒரு மாவட்டத்தில் பத்தே ஆண்டுகளில் இந்தச் சரிவு ஏற்பட்டிருந்தது. வீடு வீடாகச் சென்று எழுதிய ஒவ்வொரு பெண் குழந்தையின் பெயரும் இந்த எண்ணுக்குள் இருக்கிறது என்பதும், எழுதுவதற்கே வராமல் போன பெயர்கள் இதற்கு வெளியே இருக்கின்றன என்பதும் என்னை மிகவும் வருத்தின.

ஏப்ரல் 13 அன்று தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. மை வைத்து, 17ஏ எனப்படும் வாக்காளர் பதிவேட்டை எழுதும் பொறுப்பு என்னுடையது. தமிழ்நாட்டில் 78 விழுக்காடு வாக்குகள் பதிவாயின. வரிசை ஓயவே இல்லை. இந்தப் பணிக்குச் செல்பவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது மூன்று செய்திகள். முதலாவது, மாதிரி வாக்குப்பதிவு முடிந்ததும் இயந்திரத்தில் அந்த வாக்குகள் அழிக்கப்பட்டு எண்ணிக்கை சுழியம் காட்டுவதை, முகவர்கள் எல்லோரும் கண்ணால் பார்த்த பிறகே முத்திரையிட வேண்டும். இரண்டாவது, பதிவேட்டின் வரிசை எண்ணையும் இயந்திரம் காட்டும் மொத்த எண்ணையும் இடையிடையே ஒப்பிட வேண்டும். மாலையில் மொத்தமாக ஒப்பிடலாம் என்று விட்டால், வேறுபாடு எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. மூன்றாவது, தங்கள் வாக்கை அளிப்பதற்கான தபால் வாக்குப் படிவத்தைப் பயிற்சி நாளிலேயே கேட்டு வாங்கி நிரப்பித் தர வேண்டும். ஊருக்கெல்லாம் வாக்குச்சாவடி நடத்திவிட்டுத் தாம் வாக்களிக்காமல் போகும் ஆசிரியர்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

அப்போது நோட்டா கிடையாது. யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவர், 49-ஓ விதிப்படி மை வைத்துக்கொண்டு, 17ஏ பதிவேட்டில் அதைக் குறிப்பிடச் செய்து கையொப்பமிட வேண்டும். எங்கள் சாவடிக்கு வந்த ஓர் இளைஞர் அந்த விதியைச் சொல்லிக் கேட்டபோது, அறையில் இருந்த எல்லோரும் அவரையே பார்த்தார்கள். வாக்கின் இரகசியம் வாக்களிக்க மறுப்பவருக்கு இல்லாமல் போவதை அன்று நேரில் கண்டேன். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து இயந்திரத்திலேயே நோட்டா பொத்தான் சேர்க்கப்பட்டபோது, அந்த இளைஞரின் கையொப்பம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மேற்கு வங்கத்தில் மே 10 வரை பல கட்டங்களாக வாக்குப்பதிவு நடந்ததால், நாங்கள் முடிவுக்காக ஒரு மாதம் காத்திருந்தோம். மே 13 அன்று வாக்கு எண்ணிக்கை. மே 16 அன்று சென்னையில் ஜெயலலிதாவும், புதுச்சேரியில் அவ்வாண்டு பிப்ரவரியில் கட்சி தொடங்கியிருந்த ந. ரங்கசாமியும் முதல்வர்களாகப் பதவியேற்றனர். மேற்கு வங்கத்தில் 34 ஆண்டு இடதுசாரி ஆட்சி முடிவுக்கு வந்தது.

ஆட்சி மாற்றத்தின் முதல் விளைவு எங்கள் பள்ளிக்குப் பாடநூல் வடிவில் வந்தது. சரியாகச் சொன்னால், பாடநூல் வராததாக வந்தது. 2010-11-இல் 1, 6-ஆம் வகுப்புகளில் தொடங்கிய, எல்லா வகைப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்வி, 2011-12-இல் 10-ஆம் வகுப்பு வரை எல்லா வகுப்புகளுக்கும் விரிவடைவதாக இருந்தது. புதிய அரசு ஜூன் தொடக்கத்தில் சட்டத் திருத்தம் கொண்டுவந்து அதை நிறுத்தி வைத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மாறி மாறிச் சென்றது. ஜூலை 18 அன்று உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பத்து நாள்களுக்குள் சமச்சீர் கல்வியை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. பள்ளி திறந்த ஜூன் நடுப்பகுதியிலிருந்து அதுவரை, பெரும்பாலான வகுப்புகளில் மாணவர்கள் கையில் புத்தகம் இல்லை.

பெற்றோர் கவலையோடு வந்து கேட்டார்கள். நான் 9-ஆம் வகுப்பில் கணக்கெடுப்பு முடிவுகளையே பாடநூலாக வைத்துக்கொண்டேன். நாட்டில் சதுர கிலோமீட்டருக்கு 382 பேர், தமிழ்நாட்டில் 555 பேர் என்ற அடர்த்தி எண்களிலிருந்து வகுத்தலும் வரைபடமும் வந்தன. 2010-இல் வீட்டுப் பட்டியலுக்காக வரைந்த முறையில் மாணவர்கள் தங்கள் தெருவை வரைந்து வந்தார்கள். கிணறு, கோயில், மசூதி, நியாயவிலைக் கடை, கெடிலம் ஆற்றின் பாலம் எல்லாம் அதில் இருந்தன. குழந்தைப் பாலின விகிதத்தைப் பலகையில் எழுதிய நாளில், ஒரு மாணவி எழுந்து, "நம்ம மாவட்டத்துல மட்டும் ஏன் டீச்சர் இவ்ளோ கொறைஞ்சது?" என்று கேட்டாள். கருவில் பாலினம் கண்டறிவதைத் தடைசெய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி அன்று நான் நடத்திய வகுப்பைவிட நல்ல வகுப்பை என் பணிக்காலத்தில் நடத்தியதாக நினைவில்லை. புத்தகம் தாமதமாகும் ஆண்டுகள் இனியும் வரலாம். உங்கள் மாவட்டத்தின் கணக்கெடுப்பு எண்களை ஒரு கோப்பில் வைத்திருங்கள். கணிதம், புவியியல், குடிமையியல், தமிழ் ஆகிய நான்கையும் அதைக் கொண்டு பல வாரங்கள் நடத்த முடியும்.

புத்தகங்கள் வந்து சேர்ந்த அதே ஆகஸ்டில்தான், ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் அமைப்புக்குச் சட்டம் கோரி, தில்லியில் அண்ணா அசாரேயின் உண்ணாவிரதம். ஆகஸ்ட் 16 அன்று கைது, பிறகு ராம்லீலா மைதானம், 28 அன்று நிறைவு. மாணவர்கள் லோக்பால் வந்துவிட்டதா என்று நாள்தோறும் கேட்டார்கள். அப்போதுதான் என் நோட்டில் ஒரு முறையைக் கண்டிப்பாகப் பின்பற்றத் தொடங்கினேன். ஒரு சட்டத்தைப் பற்றி எழுதும்போது, அறிவிப்பு, அறிமுகம், ஓர் அவையில் நிறைவேறியது, மறு அவையில் நிறைவேறியது, குடியரசுத் தலைவர் ஒப்புதல், நடைமுறை என ஒவ்வொரு படிக்கும் தனி வரியும் தனித் தேதியும் கொடுப்பது. சமச்சீர் வழக்கின் ஆணைகளையும் இவ்வாறே எழுதினேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நடப்பு நிகழ்வுகளில் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இந்தப் படிகளைக் கலந்துவிடுவதால்தான்.

நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் வலப்புறம் ஓர் அகன்ற ஓரம் விட்டு, "பின்னர் தெரிந்தது" என்று தலைப்பிட்டிருந்தேன். அந்த ஓரத்தில் ஜனவரி 13-க்கு எதிரே உள்ள வரி, 2011-இன் மிகப் பெரிய செய்தி என்று நான் கருதுவது. அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்குப் போலியோ தாக்கியது. 2009-இல் 741 ஆகவும் 2010-இல் 42 ஆகவும் இருந்த எண்ணிக்கை, 2011-இல் அந்த ஒன்றோடு நின்றது. அதன் பிறகு இந்தியாவில் காட்டுவகைப் போலியோ கிருமியால் (இயற்கையாகப் பரவும் வகை) யாரும் பாதிக்கப்படவில்லை. அதுதான் கடைசி என்று அன்று சொல்லியிருக்க யாராலும் முடியாது. 2012 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் போலியோ நிலைகொண்ட நாடுகளின் பட்டியலிலிருந்து இந்தியாவை நீக்கியபோதும், 2014 மார்ச் 27 அன்று சான்றளித்தபோதும்தான் அந்த நாளின் பொருள் விளங்கியது. இல்லை என்பதை உறுதியாகச் சொல்ல, 15 வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்றுக்குத் திடீரென்று கை கால் தளர்ந்தால், காரணம் எதுவாயினும் அதைப் பதிவுசெய்து, மல மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. சொட்டு மருந்து நாளன்று எங்கள் பள்ளியில் மேசை போட்டு அமர்ந்து, குழந்தைகளின் சுண்டு விரலில் மையிட்ட அங்கன்வாடிப் பணியாளர்களும் செவிலியர்களும் அந்தச் சான்றிதழுக்கு உரியவர்கள்.

ஜூன் 30-க்குப் பிறகு 25 காசு செல்லாமல் போனது, அக்டோபர் 17, 19 ஆகிய நாள்களில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அக்டோபர் 12 அன்று இந்திய-பிரெஞ்சுக் கூட்டு முயற்சியான மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது ஆகியவையும் நோட்டில் உள்ளன. அவற்றை இங்கே விரிக்கவில்லை.

டிசம்பர் 27 அன்று லோக்பால் மசோதா மக்களவையில் நிறைவேறியது. 29 அன்று மாநிலங்களவையில் நள்ளிரவு வரை விவாதம் நடந்து, வாக்கெடுப்பு இல்லாமலே அவை ஒத்திவைக்கப்பட்டது. அந்த நள்ளிரவில் நாங்கள் தொலைக்காட்சி பார்க்கும் நிலையில் இல்லை. வங்கக் கடலில் உருவாகி, மியான்மர் தந்த "தானே" என்ற பெயரைத் தாங்கிய புயல் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. டிசம்பர் 30 காலை 6.30 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையே, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கடலூருக்கு மிக அருகில் அது கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வரை இருந்ததாக வானிலை ஆய்வு மையம் பின்னர் கணித்தது. 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விடிந்தபோது எங்கள் தெருவில் நின்றிருந்த மின்கம்பம் ஒன்றுகூட இல்லை.

புயலின் மையம் கடக்கும் இடத்தில் காற்று சிறிது நேரம் ஓய்ந்து, பிறகு எதிர்த் திசையிலிருந்து வீசும். ஒரு திசைக்குத் தாக்குப்பிடித்த மரமும் கூரையும் மறு திசைக் காற்றில் விழும். ஆகவே அந்த ஓய்வைப் புயல் முடிந்ததாக எண்ணி வெளியே வரக் கூடாது. இதைத் தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் முதல் நாள் மாலையே தெருவில் நின்று சொல்லிச் சென்றார். அதைக் கேட்டு உள்ளேயே இருந்தவர்கள் பலர். குடிநீருக்கு மேல்நிலைத் தொட்டியை நம்பியிருந்த ஊர்களில், மின்சாரம் இல்லாததால் ஜெனரேட்டர் கொண்டுவந்து நீரேற்ற வேண்டியிருந்தது. புயல் எச்சரிக்கை வந்தவுடன் குடம், அண்டா, தவலை என இருப்பவை அனைத்திலும் நீர் பிடித்து வைத்த வீடுகளே முதல் வாரத்தைச் சமாளித்தன. பிற மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தங்கி, புத்தாண்டும் பொங்கலும் தங்கள் குடும்பத்தோடு இல்லாமல் கம்பம் நட்டார்கள். சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின. லோக்பால் மசோதா மாநிலங்களவையில் என்ன ஆயிற்று என்பதை நான் ஜனவரியில்தான் அறிந்து, டிசம்பர் 29-க்கு எதிரே எழுதினேன். அது சட்டமானது 2014 ஜனவரியில்.

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கங்களில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இழப்பீட்டுக்கான கணக்கெடுப்பு தொடங்கியபோது, பிப்ரவரியில் நான் படிவத்தோடு நின்ற இடத்தில் இப்போது வேறு அலுவலர்கள் நின்றார்கள்; என் மாணவர்களின் பெற்றோர் பதில் சொல்லும் இடத்தில் இருந்தார்கள். அப்போது நில உரிமையைக் காட்டும் பட்டாவும், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கான அடங்கலும்தான் பேசின. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் மரப்பயிர் என்று பதிவாகியிருந்த நிலத்தின் உரிமையாளருக்குச் சிக்கல் குறைவாக இருந்தது. வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்துப் பல ஆண்டுகள் உழைத்தவர்களின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. மரம் அவர்களுடையது என்பது ஊருக்கே தெரிந்திருந்தது, ஆனால் ஊருக்குத் தெரிந்ததை எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. விழுந்த மரங்களை உடனே வெட்டி விறகாக்காமல், அலுவலர் வந்து பார்க்கும் வரை விட்டுவைத்தவர்களும், செல்பேசியில் படம் எடுத்து வைத்தவர்களும் ஓரளவு தப்பித்தார்கள்.

ஜனவரியில் பள்ளி திறந்தபோது, 10-ஆம் வகுப்பில் பலருடைய புத்தகங்களும் சாதிச் சான்றிதழ்களும் நனைந்து கிழிந்திருந்தன. நகல் பெறுவதற்கு ஒவ்வொருவரும் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டு எண்ணைக் கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்தார்கள். அந்த ஆண்டிலிருந்து, செப்டம்பர் மாத இறுதியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, என் வகுப்பு மாணவர்களிடம் வீட்டில் உள்ள குடும்ப அட்டை, பட்டா, பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதச் சொல்லி, அதை உறவினர் ஒருவர் வீட்டில் கொடுத்து வைக்கச் செய்தேன். தாள் நனைந்தாலும் எண் இருந்தால் நகல் விரைவில் கிடைத்துவிடும். இப்போது செல்பேசியில் படமெடுத்துச் சேமிக்கலாம். இருந்தாலும் மின்சாரம் இல்லாத வாரங்களில் தாளே கைகொடுக்கும்.

நிலம் உள்ளவர்களுக்கும் குத்தகைக்குப் பயிரிடுபவர்களுக்கும் ஒன்று சொல்வேன். வருவாய்த் துறையின் நிலக் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. தானேவுக்குப் பிறகு நட்ட ஒட்டு முந்திரிகள் காய்ப்புக்கு வந்து ஆண்டுகள் ஆகிவிட்டன, பலாக்கன்றுகளும் மரமாகிவிட்டன. அவற்றின் எண்ணிக்கையும் நட்ட ஆண்டும் உங்கள் அடங்கலில் ஏறியிருக்கின்றனவா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பார்த்து, ஏறவில்லையென்றால் இந்தப் பசலியிலேயே பதிவுசெய்யச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.